அம்மாவின் பிரஷர்: சீன வைத்தியம் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, தினமும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை 5 மி.கி. போடுகிறார். அப்படியும் காலையில் 148/92. படியேறினால் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க நின்றுவிடுகிறார். பார்க்கவே மனசு தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சொல்லி, பதிவு பெற்ற சீன வைத்தியரிடம் போனோம். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிரஷரை வகை பிரித்துச் சொன்னார்: தலைசுற்றல், சிடுசிடுப்பு, முகச் சிவப்பு இருந்தால் 'கல்லீரல் யாங் (உடம்பின் சூடான சக்தி) மேலேறுவது'. உடம்பு கனம், நாக்கில் தடித்த படிவு என்றால் 'கபமும் ஈரமும்'. அம்மாவுக்கு இரண்டாவதாம். நம் சித்த வைத்தியத்துக் கபம் ஞாபகம் வந்தது.

முகமூடி மாட்டி, டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஆக்சிஜன் அளக்கும் பரிசோதனையை யாராவது செய்திருக்கிறீர்களா? உங்களுக்குச் சொன்ன வகைக்கும் அதில் வந்த தெம்புக்கும் பொருத்தம் இருந்ததா? பாதுவான்ஜின் என்ற சீன எட்டு அசைவுப் பயிற்சியில் மூச்சு வாங்குவது குறைந்ததா?

வைத்தியர் தந்த கஷாயப் பட்டியலில் அதிமதுரம் இருக்கிறது. அது பொட்டாசியத்தைக் குறைத்து பிரஷரை ஏற்றும் என்பதால் இன்னும் கொடுக்கவில்லை. அதை நீக்கித் தரச் சொல்லி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.