ப்ராஜெக்ட் மானிட்டரிங் சிஸ்டம் டிசைன் பண்றேன், எதை விட்டுட்டேன்னு பாருங்க

புதுசு_நான்:
ஒரே நேரத்துல 12 ப்ராஜெக்ட் ஓடுது, ஆளுக்கொரு எக்செல் வச்சிருக்காங்க, எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்குற மாதிரி சிஸ்டம் ஒண்ணு பண்ணச் சொல்லிட்டாங்க. டாஸ்க் டேபிள், எத்தனை சதவீதம் முடிஞ்சுதுன்னு ஒரு காலம் (column), மேல பச்சை மஞ்சள் சிவப்பு டாஷ்போர்டு, இவ்ளோதான் இப்போதைக்கு. போதுமா?

ராக்கோழி:
டாஷ்போர்டை கடைசியா பாத்துக்கலாம். வில்லங்கமே அந்த சதவீத காலம்தான். எவ்ளோ முடிஞ்சுதுன்னு கேட்டா சட்டுனு 90ன்னு சொல்லிடுவாங்க, அப்புறம் அந்த 90 நகரவே நகராது. வேலையை ஒண்ணு ரெண்டு வாரத்துல முடியுற துண்டா உடைங்க. வேற ஒருத்தர் செக் பண்ணி ஓகே சொன்னா 100, அதுவரைக்கும் 0, நடுவுல எதுவும் கிடையாது. முதல் மாசம் எல்லாரும் கத்துவாங்க, கத்தட்டும்.

பழைய_பிஎம்:
பேஸ்லைனை, அதாவது முதல்ல ஒத்துக்கிட்ட திட்டத்தை, மறந்துடாதீங்க. நான் முன்னாடி இருந்த எடத்துல முடிவு தேதிக்கு ஒரே ஒரு காலம்தான், லேட் ஆகும்போதெல்லாம் அதையே மாத்தி மாத்தி போட்டாங்க, ப்ராஜெக்ட் 8 மாசம் தள்ளிப் போயும் ஸ்க்ரீன்ல பச்சையாவே இருந்துச்சு 😄 முதல்ல ஒத்துக்கிட்ட தேதி, இப்ப எதிர்பார்க்குற தேதி, நிஜமா முடிஞ்ச தேதி, மூணும் தனித்தனியா வேணும். முதல் தேதியில யாரும் கை வைக்கக் கூடாது. மத்ததை மாத்தினா யாரு, எப்ப, ஏன்னு பதிவாகணும்.

புதுசு_நான்:
ஐயோ, நானும் ஒரே காலம்தான் வச்சிருக்கேன். செலவையும் சேர்க்கணுமா?

கணக்குப்புள்ள:
சேர்க்கணும். ஏர்ன்ட் வேல்யூன்னு தேடிப் பாருங்க, முடிஞ்ச வேலையை திட்டத்தோடயும் செலவோடயும் ஒப்பிடுறது, 1960கள்லயே அமெரிக்க ராணுவத் துறை கொண்டு வந்த கணக்கு. மொத்தம் 100 மணிநேர வேலைன்னு வைங்க. இன்னிக்குள்ள 50 மணிநேர வேலை முடிஞ்சிருக்கணும், முடிஞ்சது 40, ஆனா அதுக்கு செலவானது 60 மணிநேரம். 40ஐ 50ஆல வகுத்தா 0.8, வேகம் கம்மி. 40ஐ 60ஆல வகுத்தா 0.67, இதே ரேட்ல போனா 100 மணிநேர வேலைக்கு 150 ஆகும். ஒரு சிக்கல், எவ்ளோ லேட்டா முடிச்சாலும் கடைசியில 100ஐ 100ஆல வகுக்குறதால அந்த வேகக் கணக்கு 1ன்னுதான் வந்து நிக்கும், அதனால கடைசிக் கட்டத்துல அதை நம்பாம தேதியைப் பாருங்க.

ராக்கோழி:
இன்னொண்ணு, அப்டேட் போட 5 நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா எவனும் போட மாட்டான்.

புதுசு_நான்:
சதவீத காலத்தை தூக்கிட்டேன். மேனேஜர் கேட்டதே அது ஒண்ணைத்தான், நாளைக்கு அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.