நீதிமன்றத்தில் அந்தப் பெண்கள் ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகி):
மர்லீன் கோரிஸ் 1982இல் இயக்கிய ‘எ கொஸ்டின் ஆஃப் சைலன்ஸ்’ என்ற டச்சுப் படத்தை எங்கள் வாசகர் வட்டத்தில் பார்த்தோம். முன்பின் அறியாத மூன்று பெண்கள் ஒரு துணிக்கடைக்காரரைக் கொன்றுவிடுகிறார்கள். அவர்களுடைய மனநிலையை ஆராய நீதிமன்றம் ஒரு பெண் மனநல மருத்துவரை நியமிக்கிறது. இறுதியில் எழும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை.

பதில் 1 (சித்தூர்க்காரர்):
கொலை செய்தவர்கள் பெண்கள், இறந்தவர் ஆண் என்பதால் வழக்கில் எந்த வேறுபாடும் இல்லை என்று அரசு வழக்கறிஞர் வாதிடும்போதுதான் அந்தச் சிரிப்பு வெடிக்கிறது. வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்ட கிறிஸ்டினும், சிற்றுண்டிக் கடையில் வேலை பார்க்கும் ஆனியும், அலுவலகத்தில் தன் உழைப்புக்கு மதிப்புக் கிடைக்காத ஆந்திரியாவும் வாழ்நாள் முழுதும் கண்ட வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் இல்லையென்று சொன்னால், சிரிப்பைத் தவிர வேறென்ன மறுமொழி இருக்க முடியும்?

பதில் 2 (மீனாட்சிபுரத்திலிருந்து):
அக்கா, கொலையை நான் ஏற்கவில்லை. அந்தக் காட்சி இன்றும் என்னை உலுக்குகிறது. ஆயினும், அவர்கள் தெளிந்த மனத்தினர் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்வதே படத்தின் உயிர். பைத்தியம் என்று முத்திரை குத்தியிருந்தால் காரணத்தைக் கேட்கவேண்டிய தேவையே எவருக்கும் இருந்திராது. மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் இன்னல்களை ஆராய்ந்த ஹேமா குழு 2019 டிசம்பரில் அரசிடம் அளித்த அறிக்கை 2024 ஆகஸ்டு வரை வெளிவராமல் கிடந்த கேரளத்தில் வாழும் நமக்கு இந்த மௌனம் அந்நியமானதன்று.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கடையில் அனைத்தையும் பார்த்துக்கொண்டு நின்ற மற்றப் பெண்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்ததை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.