தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களுக்குத் துணைநிற்க மாணவத் தொண்டர்களைப் பழக்குவது எப்படி?

கல்லூரி ஆசிரியை, மதுரை:
வணக்கம். எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருபது பேருக்கு, மனஉளைச்சலில் இருக்கும் சக மாணவர்களுக்குத் துணைநிற்க இரண்டு நாள் பயிற்சி அளிக்கவிருக்கிறோம். சென்ற பருவத்தில் விடுதி மாணவி ஒருத்தி தன் கையைக் கீறிக்கொள்வதைக் கண்ட அறைத்தோழி, பதறிப்போய், "இனிமேல் செய்ய மாட்டேன் என்று அம்மாமேல் சத்தியம் செய்" என்று கேட்டிருக்கிறாள். சத்தியம் செய்த மாணவி, மறுநாள் முதல் முழுக்கைச் சட்டை அணியத் தொடங்கினாள், காயங்கள் நிற்கவில்லை. தோழியின் அன்பைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியில் எதற்கு முதலிடம் தரலாம்?

மனநலச் சமூகப் பணியாளர்:
காரணத்தைப் புரியவைப்பதற்கு முதலிடம் கொடுங்கள். பலர் இதைச் சாவதற்காகச் செய்வதில்லை. தாங்கமுடியாத கொந்தளிப்பைத் தணிக்கவோ, மரத்துப்போன மனத்தில் ஏதேனும் ஓர் உணர்வை மீட்கவோ, தன்மேல் கொண்ட வெறுப்பினாலோ செய்கிறார்கள். சமாளிக்கத் தெரிந்த ஒரே வழியைச் சத்தியத்தால் பறித்துவிட்டு வேறு வழி எதையும் காட்டாவிட்டால், ஒளித்துச் செய்வதுதான் மிஞ்சும். ஆயினும் இவர்களுக்குப் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்கத் தொண்டர்கள் பழக வேண்டும். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. காயங்களின் படங்களையும் செய்முறை விவரங்களையும் வகுப்பில் காட்டாதீர்கள். இளையோரிடையே பார்த்துச் செய்யும் போக்கு உண்டு. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற வாக்குறுதியையும் தொண்டர்கள் தரக்கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் யாரிடம் சொல்ல நேரும் என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவதுதான் நேர்மை.

முன்னாள் தொண்டர், சென்னை:
1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தொண்டர்களே அழைப்பவர்களுக்குச் செவிகொடுக்கிறார்கள். ஆகவே மருத்துவராக இல்லாதவர்களாலும் இது இயலும். ஆனால் நான் வேறோர் இடத்தில் பெற்ற பயிற்சி முழுவதும் சொற்பொழிவாகவே இருந்தது. முதல் முறை ஒரு தழும்பைக் கண்டபோது என் முகம் சுருங்கியதை எதிரில் இருந்தவர் கவனித்துவிட்டார், அதன் பிறகு அவர் பேசவே இல்லை. எனவே இருவர் இருவராக நடித்துப் பார்க்கும் பயிற்சிக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதற்குப் பதிலாக "அந்த நேரத்தில் உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்கப் பழகுவதற்கே எனக்குப் பல வாரங்கள் ஆயின. கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கக்கூடிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 அவர்களுக்கு மனப்பாடமாகவே இருக்கட்டும்.

மனநலச் சமூகப் பணியாளர்:
விட்டுப்போன ஒன்று: அந்த இருபது பேரிலேயே தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர் இருக்கக்கூடும். அவரை விலக்காதீர்கள், பயிற்சிக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியே பேசி, இடையில் எழுந்து செல்லவும் உரிமை உண்டு என்று சொல்லுங்கள்.

கல்லூரி ஆசிரியை, மதுரை:
இருவருக்கும் நன்றி. அந்த அறைத்தோழியும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். முதலில் அவளிடம்தான் பேசப்போகிறேன். தான் வாங்கிய சத்தியத்தை எண்ணி அவளும் இத்தனை நாளாக வருந்திக்கொண்டிருக்கிறாள்.