மெலனோமாவுக்கு இம்யூனோதெரபி ட்ரிப்: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

பல்லாவரத்து மகள்:
அப்பாவுக்கு உள்ளங்காலில் மெலனோமா, ஒரு வகைத் தோல் புற்றுநோய். கால் ஆணி என்று பிளாஸ்டர் ஒட்டியே காலம் ஓடிவிட்டது. தொடையிடுக்கில் நெறி கட்டி, நுரையீரல் வரை போன பிறகுதான் தெரிந்தது. இங்கே இருப்பவர்களுக்கு அதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

பெம்ப்ரோலிசுமாப் முதல் டோஸ். கீமோ இல்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய் மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி மருந்து. நாள் முழுக்க ஏறும் என்று நினைத்து சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தோம். வந்தது ஒரு சின்னப் பை, அரை மணி நேரத்தில் காலி. சிஸ்டர் ட்ரிப்பை நிறுத்த வந்தபோது அப்பா அவர் கையைப் பிடித்துவிட்டார். "டியூப்ல இன்னும் மருந்து நிக்குதும்மா." அந்தக் குழாயில் நிற்பது எத்தனை ஆயிரம் என்று கணக்குப் போட்டுவிட்டார், முகத்தில் தெரிந்தது. வியாதியின் பெயரைச் சொன்ன அன்றுகூட அவர் முகம் அப்படி மாறவில்லை. சிஸ்டர் சிரிக்கவில்லை. "எதுவும் வீணாகாது ஐயா" என்று சலைனை மாட்டி, குழாயில் இருந்ததை முழுக்க உள்ளே அனுப்பிவிட்டுத்தான் கழற்றினார். அதுவரை அப்பா குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ராத்திரி படுத்தால் எனக்கு அந்தக் குழாய்தான் நினைவுக்கு வருகிறது.

கோவை ராசு:
என் மனைவிக்கு இரண்டு இம்யூனோதெரபி மருந்து சேர்த்து, இபிலிமுமாபும் நிவோலுமாபும். இரண்டாவது டோஸ் முடிந்து ஒரு ராத்திரி பேதி நிற்கவே இல்லை. எங்கள் டாக்டர் இருப்பது வேறு ஊரில், அதனால் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பர்ஸில் இருந்த அட்டையை நீட்டினேன். இம்யூனோதெரபி எடுக்கிறார், பேதி வந்தால் ஸ்டீராய்டு தேவைப்படலாம், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடவும் என்று அதில் அச்சடித்திருந்தது. டூட்டி டாக்டர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கீமோன்னா இப்படித்தாங்க, வெளியில ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அதை மேசையில் போட்டுவிட்டார். பேதி நிற்க மாத்திரை, ஒரு பாட்டில் குளுக்கோஸ், அவ்வளவுதான்.

விடிந்ததும் எங்கள் டாக்டரைப் பிடித்தோம். மருந்து தூண்டிவிட்ட எதிர்ப்பு சக்தி குடலையே தாக்கி, பெருங்குடல் அழற்சி. நரம்பில் ஸ்டீராய்டு, அதுவும் போதாமல் அந்த அழற்சியை அடக்க இன்ஃபிளிக்சிமாப் என்ற மருந்து. பிழைத்துக்கொண்டாள். அந்த அட்டை மேசையில் கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பல்லாவரத்து தங்கச்சி, முதல் ஸ்கேனில் கட்டி பெருத்துத் தெரிந்தால் பயப்படாதீர்கள். மருந்து வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு மூளை வரை போனதே இந்த மருந்தில் சரியாகவில்லையா?

விழுப்புரம் செல்வி:
அத்தைக்கு நிவோலுமாப். சில மாதங்களில் கையிலும் வாயோரத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. சொந்தத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு. சீர்த்தட்டு எடுக்கக் குனிந்த அத்தையிடம் ஒருவர், "நீங்க உக்காருங்க அக்கா, நான் எடுத்துக்கறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அத்தை சாப்பிடாமலேயே வந்துவிட்டார்.

அடுத்த டோஸுக்குப் போனபோது டாக்டர் அதே கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகமெல்லாம் சந்தோஷம். மெலனோமா நிறமி செல்லில் பிறப்பது. அதைத் தேடிப் போகும் எதிர்ப்பு அணுக்கள் நல்ல நிறமி செல்லையும் தாக்குமாம். இப்படி வெள்ளை விழுந்தவர்களுக்கு மருந்து நன்றாகக் கேட்பது அதிகம் என்றார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை எங்க சொந்தக்காரங்ககிட்ட வந்து சொல்றீங்களா டாக்டர்?" என்றார். டாக்டருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கும்தான்.

சிட்னி சிஸ்டர்:
ராசு அண்ணா, அட்டை விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். ஸ்கேன் பற்றிச் சொன்னதைத்தான் ஏற்க முடியாது. பெருத்துத் தெரிந்து அப்புறம் சுருங்குவது உண்டு, ஆனால் அது சிலருக்குத்தான். பெரும்பாலும் பெருத்தால் நோய் வளர்கிறது என்றே அர்த்தம். எங்கள் வார்டுக்கு வந்த ஒரு வயதான விவசாயியின் மகன், ஒவ்வொரு முறையும் "இது நல்ல அறிகுறிதானே?" என்று என்னிடம் கேட்பார். கடைசியாகக் கேட்டபோது அப்பாவால் பேச முடியவில்லை.

கார்ட்டர் 2015 ஆகஸ்டில் நோயை அறிவித்தார், டிசம்பரில் கட்டிகள் தெரியவில்லை என்றார், 100 வயது வரை இருந்தார். எல்லாம் உண்மை. ஆனால் அவருக்குக் கல்லீரலில் அறுவை சிகிச்சை, மூளைக்குக் கதிர்வீச்சு இரண்டும் நடந்தன. 2024இல் வந்த செக்மேட் 067 என்ற மருந்து ஆய்வின் பத்தாண்டு முடிவில், இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இபிலிமுமாப் மட்டும் எடுத்தவர்களில் 19. இதே வியாதிக்கு முன்பெல்லாம் மாதக்கணக்கில்தான் நாள் குறிப்பார்கள். ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், வெயிலில் வந்த மெலனோமா. நம் ஆட்களுக்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது வேறு மாதிரி, மருந்துக்கு அவ்வளவாக மசியாது. அந்த எண்ணை அப்படியே அப்பாவுக்குப் பொருத்தாதீர்கள்.

ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் தைராய்டு, கல்லீரல், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். கார்டிசால் ஹார்மோன் அளவும் கேளுங்கள். எழுந்து உட்காரவே முடியாத அசதி, விடாத தலைவலி என்றால் மூளைக்கு அடியில் ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி அடி வாங்கியிருக்கலாம். வறட்டு இருமல், மூச்சு வாங்கல், நெஞ்சு வலி எதையும் காலை வரை தள்ளிப்போடாதீர்கள். மருந்தை நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் இதெல்லாம் வரலாம். பிராஃப் மரபணுப் பரிசோதனை செய்தார்களா? கட்டியில் அந்த மரபணு மாற்றம் இருந்தால் மாத்திரை வழியும் உண்டு.

தஞ்சை வாசகன்:
சிஸ்டர், அவர் அப்பாவைப் பற்றித்தான் சொன்னார், ஆலோசனை கேட்கவில்லை. ஆனால் குழாயைப் படித்ததும் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2014இல் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாபுக்கு அனுமதி கிடைத்தபோது கணக்கு ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராம். எடை பார்க்காமல் எல்லோருக்கும் 200 மில்லிகிராம் என்பது பிறகு வந்தது. என் அம்மா 49 கிலோ. டாக்டரிடம் கேட்டோம், அவர் யோசித்துப் பழைய கணக்குக்கே சம்மதித்தார். இரண்டு குப்பி உடைக்க வேண்டிய இடத்தில் ஒன்று போதுமானது. அன்று அம்மா பில்லை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

பல்லாவரத்து மகள்:
அப்பா இப்போது 48 கிலோ. வியாழக்கிழமை அடுத்த டோஸ், அதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன். ராசு அண்ணா, அந்த மாதிரி அட்டை எங்களுக்கு யாரும் தரவில்லை. உங்களுடையதை இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போட முடியுமா?