உவர்மலை வீட்டார் குழு: அப்பாவின் றாக்கை

வெள்ளிக்கிழமை

நான் (மாலை 6.12): மாமா, அப்பாவின் ரெக்கோர்ட் பிளேயரில் சத்தம் சரியில்லை. நாதஸ்வரம் பரவாயில்லை, தவில்தான் ஒரே குழம்பல். ஆராவது பக்கத்தால் நடந்தால் ஊசி துள்ளுகிறது. ஞாயிறு திவசத்துக்கு எல்லாரும் வரும்போது அந்த இசைத்தட்டைப் போடலாம் என்றிருந்தேன். கொழும்பில் புதுக் காட்ரிஜ், அந்த ஊசி பூட்டின பகுதி, வாங்கலாமா?

அக்கா (6.15): நாளைக்குக் காலையில் கடையில் கேட்டுப் பார்க்கிறேன் தம்பி. இரவு பஸ்ஸில் அம்மாவோடு வரும்போது கொண்டு வரலாம்.

சின்ன மாமா (6.21): பொறு பிள்ளை, காசைக் கொட்டாதே. நடந்தால் துள்ளுகிறது என்றால் முதலில் அது நிற்கிற தட்டு றாக்கையைப் பார்க்க வேண்டும். தம்பி, அதன் நட்டுகளைக் கடைசியாக எப்போது முறுக்கினாய்?

நான் (6.22): முறுக்கினதே இல்லை மாமா. அப்பா இருக்கும்போது செய்ததுதான்.

சின்ன மாமா (6.30): அத்தான், உன் அப்பா, ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வீடு துடைக்கிற கையோடு அதைச் செய்வார். மாரியில் பலகை ஊதும், பிறகு வெயிலுக்குச் சுருங்கும். நட்டு தானாகவே தளரும். உங்கள் வீட்டுக்கு உப்புக்காற்று வேறு.

இப்போது ஒன்று செய். தட்டு சுழலாமல் நிற்கட்டும். இசைத்தட்டின் மேல் ஊசியை மெல்ல இறக்கு. வொலியுமை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, ஒரேயடியாகக் கூட்டாதே. பிறகு றாக்கையின் ஒவ்வொரு காலையும் விரல் கணுவால் தட்டிப் பார். ஸ்பீக்கரில் என்ன கேட்கிறது?

நான் (6.41): மூன்று காலில் சின்னதாக ‘டொக்’ என்று கேட்டு நிற்கிறது. ஜன்னல் பக்கத்துப் பின் காலில் தட்டினால் மணி அடித்த மாதிரி ‘ணங்ங்’ என்று இழுக்கிறது!

சின்ன மாமா (6.44): அந்தச் சத்தம்தான் தவிலோடு சேர்ந்து வருகிறது. இசைத்தட்டின் கீறலில் ஊசி படிக்கிற அசைவு தலைமயிரை விட மெல்லியது. றாக்கை அதிர்ந்தால் அதையும் இசை என்று நினைத்து ஊசி படித்துவிடும். ஆம்பிளிபயர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும், ஸ்பீக்கர் திரும்ப றாக்கையை ஆட்டும். இப்படியே சுற்றிச் சுற்றி வரும். டோர்ச் அடித்து அந்தக் காலின் அடியைப் பார்.

நான் (6.52): அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. தரையில் மணல் கொட்டிக் கிடக்கிறது மாமா.

அம்மா (6.55): ஐயோ, போன மாதம் அங்கே நின்றபோது அந்த மூலையில் தினமும் மணல் கூட்டினேனே! பிள்ளைகள் கடற்கரையால் காலில் கொண்டு வருகிறார்கள் என்று அவர்களை அல்லவா ஏசினேன்.

சின்ன மாமா (7.03): அக்கா, அது அத்தான் போட்ட மணல். குழாய்க் கால்கள் வெறுமனே இருந்தால் மணி மாதிரி அடிக்கும் என்று, கொட்டியாரப் பக்கத்து மகாவலி ஆற்று மணலை அரித்து, கச்சான் வறுக்கிற தாச்சியில் ஈரம் போகும்வரை வறுத்து, நாலு காலிலும் நிரப்பினார். நான்தான் புனல் பிடித்தேன். கடல் மணல் கிட்டத்தில் கிடந்தும் தொடவில்லை. உப்பு உள்ளேயிருந்து இரும்பைத் தின்னும் என்றார்.

அக்காவின் கணவர் (7.10): மாமா, இரும்பை விட்டுவிட்டு கண்ணாடித் தட்டு வைத்த ஸ்டாண்ட் ஒன்று வாங்கினால் என்ன? பார்க்கவும் வடிவு.

சின்ன மாமா (7.14): வடிவுதான் தம்பி. ஆனால் கண்ணாடியும் தட்டினால் மணியடிக்கிற சாமான். இந்த றாக்கையின் தட்டு முதிரைப் பலகை, பாரமானது. இதை விட நல்லது எனக்குத் தெரியாது.

மருமகன், இன்றிரவு இவ்வளவும் முடி. வயர்களைக் கழற்ற முதல் ஒரு படம் எடு. ஊசிக்கையைப் பூட்டி, ஊசிக்கு மூடி போடு. எல்லாவற்றையும் இறக்கி, றாக்கையைச் சரித்து, துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து நன்றாகக் காயவிடு. எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டாது. பிறகு ஓட்டைக்கு அரால்டைட் வை. விடியும்வரை தொடாதே.

சனிக்கிழமை

நான் (காலை 9.20): இறுகிவிட்டது மாமா. மணலையும் திரும்ப வறுத்து மேலால் நிரப்பினேன். தட்டினால் இப்போது சுவரில் தட்டுகிற மாதிரி இருக்கிறது.

சின்ன மாமா (9.26): நல்லம். 13ஆம் இலக்க ஸ்பனரால் நட்டுகளை மூலைக்கு மூலை மாறி மாறி இறுக்கு. முதலில் கையால், பிறகு ஸ்பனரால் கால் சுற்று போதும். பலம் காட்டினால் பலகை பிளக்கும்.

அப்புறம் நாலு காலும் நிலத்தில் நிற்கிறதா பார். ஒரு கடதாசியை ஒவ்வொரு காலின் கூர் முனைக்கும் அடியில் விட்டுப் பார்.

நான் (9.48): முன் இடது காலில் கடதாசி தடையில்லாமல் அந்தப் பக்கம் போகிறது! ஊசி துள்ளினது இதனாலா?

சின்ன மாமா (9.50): ஓம், ஓம். மூன்று காலில் நின்று ஆடியிருக்கிறது. மேசன்மார் பாவிக்கிற நீர்மட்டத்தை மேல் தட்டில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை காலைத் திருகி இறக்கு. பிறகு ஒவ்வொரு காலின் பூட்டு நட்டையும் இறுக்கு, இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பழையபடிதான். டைல் கீறாமல் முனைக்கு அடியில் ஒவ்வொரு 5 ரூபாய்க் குற்றி வை. ரெக்கோர்ட் பிளேயரை ஏற்றின பிறகு, சுழல் தட்டின் மேலும் நீளம் அகலம் இரண்டுக்கும் மட்டம் பார்.

நான் (10.31): படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

சின்ன மாமா (10.36): அந்த ஸ்பீக்கர் ஏன் றாக்கையில் சாய்ந்து நிற்கிறது? இரண்டும் தொடவே கூடாது, ஒரு பாகமாவது, இரண்டு கையும் விரித்த தூரம், தள்ளி வை. ஆம்பிளிபயரை அடித் தட்டுக்கு இறக்கு. அதன் டிரான்ஸ்போமர் ஊசிக்குக் கிட்ட இருந்தால் ‘ம்ம்’ என்று இரையும். அதற்கு அதிர்வு பெரிய விசயமில்லை, காற்றுத்தான் வேண்டும். மேலே ஒரு சாண் இடம் விடு, துணி போட்டு மூடாதே. கரண்ட் வயரையும் சிக்னல் வயரையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறாய், பிரித்து விடு.

அக்கா (10.40): அப்படியென்றால் நான் கடைக்குப் போகவில்லை.

நான் (இரவு 7.55): குரல் பதிவு அனுப்பியிருக்கிறேன், எல்லாரும் கேளுங்கள். பின்னால் பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஊசி அசையவில்லை.

அம்மா (8.06): கேட்டேன் ராசா. தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுகிறது தனியாகக் கேட்கிறது, மறுபக்கத்துத் தொப்பியில் கழி விழுகிறது தனியாகக் கேட்கிறது. அப்பா அந்த இடத்தில்தான் கையைத் தூக்கி ‘இதைக் கேள்’ என்பார்.

சின்ன மாமா (8.10): பதிவிலேயே இவ்வளவு என்றால் நேரில் எப்படி இருக்கும்! நாளை ஸ்பனரோடு வருகிறேன். ஒரு நாள் பாரம் ஏறினால் நட்டு கொஞ்சம் தளரும், இன்னொரு தரம் பிடித்துவிடுவோம்.

அம்மா (8.13): பஸ் ஏறப் போகிறோம். பிள்ளைகளிடம் சொல்லு, மணலுக்கு ஏசினது அப்பம்மாவின் பிழை. தொதல் கட்டி எடுத்திருக்கிறேன்.