முதல் கார் வாங்கும்போது ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) யார் பெயர், இன்சூரன்ஸ் பாலிசியில் யார் பெயர்?

காட்பாடியிலிருந்து

தங்கைக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. ஷிப்ட் முடிந்து ராத்திரியில் அவள் பஸ்ஸுக்கு நிற்பது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. வயது 22, கார் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்சூரன்ஸும் சேர்த்து இரண்டரை லட்சத்துக்குள் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வேண்டும் என்று தேட ஆரம்பித்தோம்.

"சின்ன வயசு, புதுசா ஓட்டறவங்க, இன்சூரன்ஸ் எகிறிடும்" என்று பலர் பயமுறுத்தினார்கள். வெளிநாடுகளில் அப்படி உண்டு. நம் ஊரில் தேர்டு பார்ட்டி பிரீமியத்தை, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான கட்டணத்தை, அரசு நிர்ணயிக்கிறது. அதற்கு ஓட்டுகிறவரின் வயது கணக்கில்லை, இன்ஜின் சி.சி.தான் கணக்கு. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய், இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. தனி. வேகன் ஆர் 1.0 என்றால் 998 சி.சி., கீழ் கட்டணம். பழைய ஐ10 பார்க்கச் சின்ன வண்டிதான், ஆனால் 1086 சி.சி. என்பதால் ஸ்விஃப்ட்டோடு சேர்ந்து மேல் கட்டணத்துக்குப் போய்விடும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியம் வேறு கணக்கு. ஐ.டி.வி. (இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போடும் மதிப்பு), வண்டியின் வயது, பதிவான ஊர் எல்லாம் அதில் வரும். இன்சூரன்ஸ் கணக்கில் சென்னைப் பதிவு ஏ மண்டலம், வேலூர் பி மண்டலம். அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு சத்துவாச்சாரி பக்கம் வண்டி பார்க்கப் போனோம். சென்னைப் பதிவு வண்டி ஒன்று பளபளவென்று நின்றது, விலையும் மலிவு. தங்கைக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அண்ணன் இன்ஜின் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவினார். எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும் அந்த அடிப்பகுதியில் மெல்லிய சேற்றுக் கோடு, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. "சீட்டெல்லாம் சோப்பு போட்டுக் கழுவிடுவாங்க. பெல்ட்டுக்கு உள்ள கிடக்கிறத யாரு கழுவப் போறா?" என்றார். வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னை வண்டிக்கு மட்டும் இந்தச் சந்தேகம் என்று நினைக்காதீர்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியதை நாமே பார்த்தோமே. பெல்ட்டை உருவிப் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பெங்களூரு நம்பர் வண்டிகளும் நம் பக்கம் நிறைய வருகின்றன, விலை குறைவாகத்தான் தெரியும். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். கூட்டிப் பார்த்தால் லாபம் நிற்கவில்லை.

கடைசியில் காந்தி நகரில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் 2016 வேகன் ஆர் கிடைத்தது. முதல் ஓனர், டி.என். 23 பதிவு. காலையில் நாங்கள் போய்ச் சேரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தோம். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். பானெட்டில் கை வைத்துப் பார்த்தோம், ஜில்லென்று இருந்தது. சாவி போட்டதும் பிடித்துக்கொண்டது. டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் தயாரான வருடம். நாலு டயரும் மாற்ற வேண்டிய நிலை என்றால் அதை விலையில் குறைத்துப் பேசலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். அந்த ஐயாவின் பாலிசி இன்னும் பல மாதம் பாக்கி இருந்தது, 50 சதவீத நோ க்ளைம் போனஸோடு (க்ளைம் கேட்காமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி). "அதான் இன்சூரன்ஸ் இருக்கே, அப்படியே ஓட்டுங்க" என்றார் நடுவில் இருந்த புரோக்கர். தேர்டு பார்ட்டி கவர் சட்டப்படி வாங்கியவருக்கு மாறிவிடும் என்பது உண்மை. சொந்த வண்டி சேதத்துக்கு அப்படி இல்லை. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பாலிசியையும் நம் பெயருக்கு மாற்ற வேண்டும். நோ க்ளைம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. ஐயாவின் போனஸ் ஐயாவோடு போய்விடும். பாக்கி மாதங்களுக்கு அந்தத் தள்ளுபடித் தொகையை நாம் கட்ட வேண்டும். கட்டினோம். அது வீண் செலவு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. புதிதாக ஓட்டுகிறவருக்கு முதல் இரண்டு வருடம் ஃபுல் இன்சூரன்ஸ், அதாவது தேர்டு பார்ட்டியோடு சொந்த வண்டி சேதமும் சேர்ந்தது, கட்டாயம் வேண்டும் என்பேன். பம்பர் கீறலுக்கு அது உதவாது. பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள், அதிலும் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொள்வார்கள், போனஸும் போகும். அதைக் கைக்காசில் சரிசெய்துகொள்ளலாம். ஃபுல் இன்சூரன்ஸ், முன்பக்கம் மொத்தமாக நொறுங்கும் நாளுக்காக.

ஆம்பூரிலிருந்து

அண்ணா, நல்லா சொன்னீங்க. என் அனுபவத்தில் ஒன்று சேர்க்கிறேன். நான் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். வண்டிக்குப் பணம் நான் போட்டேன். "பெரியவர் பேரில் இருக்கட்டும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், அப்பா பெயரில் எழுதுவதாகவே முடிவாகி இருந்தது. இன்சூரன்ஸ் போட வந்தவர்தான் "அப்பாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார். இல்லை.

பாலிசியில் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று வரும். அது ஓனராகவும் டிரைவராகவும் இருப்பவருக்கு, அதுவும் லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டும். அப்பா பெயரில் வண்டி இருந்தால் அவருக்கு லைசென்ஸ் இல்லாததால் அது கிடையாது. தினமும் வாணியம்பாடி ரோட்டில் ஓட்டப்போகிற எனக்கோ, நான் ஓனர் இல்லை என்பதால் அதுவும் கிடையாது. நான் எதிரே வருகிறவர்மேல் மோதினால் அவருக்கு இழப்பீடு உண்டு, எனக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்கு ஒன்றும் வராது. இதைக் கேட்டதும் அப்பாவே "உன் பேர்லயே எழுதுப்பா" என்று சொல்லிவிட்டார்.

18 வயது நிரம்பி லைசென்ஸ் இருந்தால் சொந்தப் பெயரில் எழுதுங்கள். பெரியவர்கள் பெயரில்தான் எழுத வேண்டும் என்றால், ஓட்டுகிறவருக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வையுங்கள். டூ வீலர் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு காரை எடுக்கும் பசங்களையும் பார்க்கிறேன். விபத்து என்று வந்தால் அந்த லைசென்ஸ் காருக்குச் செல்லாது, கம்பெனி கையை விரித்துவிடும்.

குடியாத்தத்திலிருந்து

வாங்குகிறவர் பக்கம் பேசியாகிவிட்டது. விற்றவர் பக்கமும் ஒன்று இருக்கிறது தம்பிகளா. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஆல்ட்டோவை ஒரு புரோக்கரிடம் விற்றார். காலி ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர் பெயரை மாற்றவே இல்லை, வண்டி கை மாறிக் கை மாறி எங்கோ போய்விட்டது. இன்சூரன்ஸும் தீர்ந்திருந்தது. அது ஒருவரை இடித்த வழக்கில் நோட்டீஸ் இவர் வீட்டுக்கு வந்தது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை நினைத்து அந்த மனிதர் தூங்காமல் கிடந்ததை நான் நேரில் பார்த்தேன்.

அதனால் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் வாங்குகிறவர் பெயரை எழுதிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். வண்டிமேல் லோன் இருந்திருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து லோனை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் சேர்த்து வாங்கிவிடுங்கள். அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் ஆர்.சி.யில் உள்ள பெயரின் சில எழுத்துகளும், இன்சூரன்ஸ் எதுவரை என்பதும் தெரிந்துவிடும். பெயர் மாறும்வரை புரோக்கருக்கு முழுப் பணத்தையும் கொடுக்காமல் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.