ஸ்கூல் லேபில் எல்லா மெஷினிலும் சி டிரைவ் நிறைந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் மாற்றத்தான் வேண்டுமா?

கணினி டீச்சர்:
வணக்கம். எங்கள் மேல்நிலைப் பள்ளி லேபில் 14 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே மாடல், பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. பத்து வருடத்துக்கு மேல் ஓடியவை. இப்போது எதைத் திறந்தாலும் சி டிரைவ் சிவப்புப் பட்டையாக நிற்கிறது. நேற்று பிளஸ் டூ பிள்ளை ஒருத்தி முக்கால் மணி நேரம் அடித்த பைத்தான் புரோகிராமை சேவ் செய்யப் போனால் இடமில்லை என்று வந்துவிட்டது, பாவம், அழுதுவிட்டாள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கொஞ்சம் பணம் கிடைக்கும். டவுனில் ஒரு கடைக்காரர் பதினாலுக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் போடச் சொல்கிறார். செய்யலாமா? செய்முறைத் தேர்வுக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

பழைய மெஷின் பிரியன்:
டீச்சர், பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம். சி டிரைவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது, டி டிரைவில் எவ்வளவு காலி என்று பாருங்கள். அந்தக் காலத்தில் கடையில் விண்டோஸ் போடும்போது சி-க்கு 40 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு மீதியை டி, ஈ என்று பிரித்துவிடுவார்கள்.

கணினி டீச்சர்:
சார், அப்படியேதான்! சி 40 ஜிபி, டி 109 ஜிபி, டி-யில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை.

பழைய மெஷின் பிரியன்:
அப்படியென்றால் உங்களுக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது, தப்பான பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். டி-யில் இருப்பதை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டில் டி-யை அழித்து, சி-யில் வலது கிளிக் செய்து எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுங்கள். இதில்தான் பலர் மாட்டுவார்கள்: டி-யை அழித்த பிறகும் அந்த இடம் பச்சையாக ஃப்ரீ ஸ்பேஸ் என்று காட்டினால் அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் (சின்னப் பிரிவுகளை உள்ளே வைக்கும் பெரிய பிரிவு) இருக்கிறது, அதையும் அழித்து கறுப்புப் பட்டையாக அன்அலொகேட்டட் என்று வந்தால்தான் சி நீளும், அதுவும் சி-க்கு அடுத்து வலப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். கூடவே டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்களையும் சுத்தம் செய்யுங்கள், ஹைபர்நேட்டை (ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவைத்து மெஷினை அணைக்கும் வசதி) நிறுத்தினால் 2 ஜிபி ராமுக்கு சுமார் 1.5 ஜிபி திரும்பும்.

சர்வீஸ் அண்ணன்:
மேலே சொன்னது சரி, ஆனால் பத்து வருட டிஸ்க்கை நம்பி விடாதீர்கள். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்கள், மஞ்சளில் காஷன் (எச்சரிக்கை) என்று வந்தால் அந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் வேலையே வேண்டாம், முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். மாற்றுவதாக இருந்தால் 1 டிபி ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம் டீச்சர். லேபுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) தாராளம். மதர்போர்டில் டிஸ்க் இணைப்பு பழைய சாட்டா 2 ஆக இருந்தால் வேகம் நொடிக்கு 300 எம்பியைத் தாண்டாது, இருந்தாலும் விண்டோஸ் திறப்பதிலேயே வித்தியாசம் தெரியும். ஒரே மாடல் என்பது உங்களுக்குப் பெரிய வசதி, ஒரு மெஷினைச் சுத்தமாகத் தயார் செய்து குளோன்சில்லா என்ற டிஸ்க் நகல் சாஃப்ட்வேரில் மற்றதுக்கெல்லாம் நகல் எடுக்கலாம். பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் வரும் அடிப்படை செட்டிங்) டிஸ்க் இயங்கும் முறை ஐடிஈ என்று இருந்தால் அப்படியே விடுங்கள், சும்மா ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். தேதி தப்பாகக் காட்டும் மெஷின்களில் போர்டில் இருக்கும் சிமோஸ் பேட்டரியையும் (நாணயம் மாதிரி சின்ன பேட்டரி) மாற்றுங்கள்.

கிராமத்து வாத்தியார்:
நானும் லேப் பார்க்கிறவன். பிள்ளைகள் வேலையை அவரவர் மெஷினில் வைப்பதை நிறுத்தினாலே பாதித் தொல்லை போகும். இருப்பதில் நல்ல மெஷின் ஒன்றில் பெரிய டிஸ்க் போட்டு, வகுப்புக்கு ஒரு ஃபோல்டர் ஷேர் செய்யுங்கள். ஆனால் எல்லாம் ஒரே டிஸ்க்கில் சேர்வதால் வாரம் ஒருமுறை எக்ஸ்டர்னலில் நகல் எடுத்தே ஆக வேண்டும், எங்களுக்கு ஒருமுறை போய்விட்டது, ரெக்கார்டுக்கு வைத்திருந்த புரோகிராம்களைப் பிள்ளைகள் மறுபடி அடித்தார்கள். அப்புறம், கழற்றிய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாதீர்கள் மேடம், இருப்புப் பதிவேட்டில் அது இருக்கும், தணிக்கையில் கேட்பார்கள்.

கணினி டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. இன்று மூன்று மெஷினில் சி-யை நீட்டிவிட்டேன், இரண்டில் நேராக வந்தது, ஒன்றில் அந்தப் பச்சைப் பட்டை, சார் சொன்னபடி அழித்ததும் சரியாகிவிட்டது. பதினாலையும் சோதித்ததில் நான்கில் காஷன். கழகத்தில் நான்கு எஸ்எஸ்டிக்கும் ஷேர் ஃபோல்டருக்கு ஒரு 1 டிபிக்கும் மட்டும் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் திங்கட்கிழமையிலிருந்து சரிசெய்த மெஷினில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

சர்வீஸ் அண்ணன்:
நல்லது டீச்சர். எஸ்எஸ்டிக்கு சாட்டா பவர் வயர் இல்லாவிட்டால் மோலக்ஸ் கன்வெர்ட்டர் (பழைய நாலு பின் பவர் வயரை சாட்டாவாக மாற்றும் இணைப்பு) வாங்குவீர்கள், வயர்களை பிளாஸ்டிக்கில் வார்த்து மூடியது வேண்டாம், சூடாகி எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். வயர் தனித்தனியாகக் கிளிப்பில் அழுத்தியதாகக் கேட்டு வாங்குங்கள்.